மேல் பெட்டியில் இருந்த பெயர்

தூங்கலீங்க. கண்ணை மூடிட்டிருந்தேன், அவ்வளவுதான். தோள் மேல சாஞ்சுட்டனுங்களா? மன்னிச்சுக்கங்க. கொஞ்ச நாளாவே சரியாத் தூக்கமில்லை, அதனாலதான் காரை வீட்டுல விட்டுட்டு பஸ்ஸுல வர்றேன். ஓட்டலாம், ஓட்ட முடியாதுன்னு இல்லை. எங்க வீட்டுலதான் வேண்டாம்னுட்டா. சிக்னல்ல நின்னா அப்படியே கண்ணசந்துர்றனாமா. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலை.

பெருந்துறைல எறங்கோணுமுங்க. அங்க பக்கத்துல ஒரு சாயப்பட்டறை. ஐயோ, பட்டறை என்னுது இல்லீங்க, நான் கம்ப்யூட்டர்காரன். கோயமுத்தூர்ல சின்னக் கம்பெனி. சாயம் போடற மெஷினுக்கு மூளை மாதிரி ஒரு புரோகிராம் வேணுமில்ல, அதை எழுதிக் குடுக்கறது நாங்க. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எப்ப உப்பு எறங்கோணும், எப்ப காஸ்டிக் எறங்கோணும், எல்லாம் அதுதான் பாத்துக்கும். காஸ்டிக் தெரியுங்களா? சோப்புக் காய்ச்சறதுக்குப் போடற காரம். கரைச்சு வெச்சா பாக்கறதுக்குப் பச்சைத் தண்ணி மாதிரியேதான் இருக்கும். கையில பட்டா தோலைத் தின்னுரும். துணில சாயம் புடிக்கோணும்னா உப்பு நெறையாப் போடுவாங்க, காஸ்டிக் துளியூண்டு போதும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. உப்பு நெறையா, காஸ்டிக் துளியூண்டு.

இன்னைக்கு அங்க விசாரணை. மொத விசாரணை எப்பவோ முடிஞ்சு போச்சு, நல்லபடியாத்தான் முடிஞ்சுது. இது ரெண்டாவது. ஒரு புள்ளை போய் மூட்டி விட்டதால வந்த வினை. நானே இன்டர்வியூ பண்ணி எடுத்து, நானே வேலை சொல்லிக் குடுத்த புள்ளைங்க. வளத்த கடா மாருல பாஞ்ச கதைதான். சொல்றேன் கேளுங்க, எனக்கும் யாருகிட்டயாவது சொன்னாத் தேவலை. ஆபீஸ்ல இப்ப யாரும் எங்கூட டீ குடிக்கக்கூட வர்றதில்லை.

மொதல்ல இந்தப் பேரு விஷயம் உங்களுக்குப் புரியோணும். பயந்துக்காதீங்க, சுலபம்தான். ஃபங்ஷன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரு வேலையைச் செய்யற சின்னத் துண்டு. எங்களுதுல ஒரு ஃபங்ஷன், அதோட வேலை மெஷினுக்குள்ள காஸ்டிக்கும் உப்பும் எறக்கறது. அதுக்கு ரெண்டு எண்ணு குடுக்கோணும், காஸ்டிக் எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு. அந்த ரெண்டுக்கும் ஆளுக்கொரு பேரு வெப்போம். பேராமீட்டர்னு நாங்க சொல்றது அதைத்தான். ஆனா பாருங்க, அந்தப் பேரு நமக்குத்தான். மெஷினுக்குப் பேரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அது வரிசையை மட்டும்தான் பாக்கும். கல்யாணப் பந்தில இலை போட்டா உப்பு எங்க, இனிப்பு எங்க, பொரியல் எங்கன்னு எடம் இருக்குதில்ல? இலைல யாராவது 'உப்பு'ன்னு எழுதியா வெச்சிருக்காங்க? எடத்தை வெச்சுத்தான் கை போகுது. அந்த மாதிரிதான் இதுவும். மொத எண்ணா வந்தா காஸ்டிக், ரெண்டாவதா வந்தா உப்பு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லிர்றேன். அதே ஃபங்ஷனை ரெண்டு எடத்துல எழுதுவோம். வெளிய போர்டு மாட்டற மாதிரி ஒரு எடத்துல, 'இந்த மாதிரி ஒண்ணு இருக்குது, இன்னின்னது குடுக்கோணும்'னு. உள்ள, வேலை நடக்கற எடத்துல இன்னொருக்கா. ரெண்டுலயும் பேரு ஒரே மாதிரி இருக்கோணும்னு கட்டாயம் கெடையாது. தலைகீழா எழுதி வெச்சாலும் மெஷின் ஏன்னு கேக்காது. எங்க தொழில்ல இருக்கற அத்தனை பேருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம் இது. அதனால வெளிய இருக்கற போர்டை யாரும் தொடைச்சுப் பாக்கறதில்லை.

எனக்கு ஒரு பழக்கம். எதையும் ஏ, பி, சி வரிசைல அடுக்கி வெப்பேனுங்க. மேசை மேல பேனா கோணலாக் கெடந்தாக்கூட எனக்கு வேலை ஓடாது. அந்த ஃபங்ஷன்ல முன்னெல்லாம் சால்ட்டு மொதல்ல, காஸ்டிக் அடுத்து இருந்துச்சு. பாக்கறப்பல்லாம் உறுத்தும். ஒரு நாள் சாவுகாசமா உக்காந்து உள்ள மாத்தி அடுக்கிட்டேன். சி மொதல்ல, எஸ் அப்பறம். அதுக்கேத்த மாதிரி, ஆபரேட்டர் எண்ணைத் தட்டற ஸ்க்ரீன்லயும் காஸ்டிக் பெட்டியை மேல வெச்சு, உப்புப் பெட்டியைக் கீழ வெச்சாச்சு. வெளிய போர்டு பழைய மாதிரியே கெடந்துச்சு. அதை யாரு பாக்கறா? வருசக்கணக்கா அப்படியே ஓடுச்சு, ஒரு பிரச்சனையும் இல்லை.

அப்பறம்தான் புதுசா ஒரு வசதி வந்துச்சுங்க. கம்பைல் டைம் ரிஃப்ளெக்ஷன்னு பேரு. நாங்க எழுதறதை மெஷின் பாஷைக்கு மாத்தறதுக்குத்தான் கம்பைல்னு பேரு. அந்த மாத்தற நேரத்துலயே புரோகிராம் தன்னைத்தானே ஒருக்காப் படிச்சுப் பாத்துக்கும். எங்கிட்ட இன்ன ஃபங்ஷன் இருக்குது, அதுக்கு இத்தனை எண்ணு வேணும், ஒவ்வொண்ணுக்கும் பேரு இன்னதுன்னு அதுவே எடுத்துக் குடுக்கும். அதுவரைக்கும் ஸ்க்ரீன்ல இருக்கற ஒவ்வொரு பெட்டிக்கும் நாங்க உக்காந்து கையால பேரு அடிச்சுட்டிருந்தோம். இடுப்பு ஒடியற வேலைங்க. இனி அது வேண்டாம். பேராமீட்டரோட பேரையே எடுத்து, ஒரு சின்ன அகராதி வெச்சுத் தமிழாக்கி, பெட்டிக்குப் பக்கத்துல அதுவே காட்டிரும். சால்ட்டுன்னு இருந்தா உப்புன்னு வரும். எங்க கம்பெனில நான்தான் அதைச் செஞ்சேன். எம்.டி. எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக் கை தட்டினாரு. அவரு சுலபத்துல யாருக்கும் கை தட்ற ஆளு இல்லீங்க.

அன்னைக்கு எல்லாரும் கை தட்டறாங்க, ஒருத்தி மட்டும் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கறா. அவதான் கோகிலா. கோபிப் பக்கத்துப் புள்ளை, சின்ன வயசுதான். வேலைல கெட்டி, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுலயும் ஒரு நொரநாட்டியம், குத்தம் கண்டுபுடிக்காம விட மாட்டா. பொழுதோட, ஆபீஸ் முடியற நேரத்துக்கு, எம்மேசைக்கு வந்து நின்னா. "அண்ணா, இத்தனை நாளு பேரு நமக்கு மட்டும்தான் இருந்துச்சு. இனிமே அந்தப் பேரைப் படிச்சுத்தான் ஒரு ஆளு எண்ணைப் போடப் போறாரு. ரெண்டு எடத்துலயும் பேரு ஒண்ணா இருக்கோணுமில்லீங்களா?" அப்படின்னா. நான், அதெல்லாம் பாத்துக்கலாம் போம்மான்னேன். தன்மையாத்தான் சொன்னேன். அவ கேக்கலை. உள்ள ஒரு வரி எழுதி வெச்சுட்டா. வெளிய இருக்கற பேரும் உள்ள இருக்கற பேரும் ஒத்துப் போகலைன்னா கம்பைல் ஆகாம நின்னுரும். காவலுக்கு நாயைக் கட்டி வெக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க.

அந்த நாயி எப்பக் கொரைச்சுது தெரியுங்களா? புதுசை எடுத்துட்டுப் போய் பட்டறைல மாட்டோணும்னு கெளம்பற அன்னைக்குக் காலைல. கீழ வண்டி நிக்குது. பட்டறைல எங்களுக்கோசரம் மெஷினை நிறுத்தி வெச்சுட்டுக் காத்துட்டிருக்கறாங்க. இங்க கம்பைல் ஆக மாட்டேங்குது, பேரு ஒத்து வரலையாமா. அது ஒரு எடத்துல இருந்தாச் சரி பண்ணலாம். எங்க கோடுல, அதாவது நாங்க எழுதி வெச்சிருக்கறதுல, அந்த மாதிரி ஊருப்பட்ட எடம் இருக்குது. அவசரத்துல அண்டாவுக்குள்ளகூடக் கை போகாதும்பாங்க. நான் என்ன பண்ணுவேன்? அவ எழுதின வரியை எடுத்துப்போட்டேன். எடுத்ததும் கம்பைல் ஆயிப்போச்சு. எந்த லீடரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பான். திரும்பி வந்ததும் வெச்சுக்கலாம்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். சொல்லாமப் பண்ணலை. அப்பறம் வேற வேலை வந்துருச்சு.

மாட்டினோமுங்க. ஓடுச்சு. அந்த மெஷின்ல மூணு ஷிப்ட்டு, ஷிப்ட்டுக்கு ஒரு ஆபரேட்டர். புது ஸ்க்ரீன்ல மேல் பெட்டிக்கு உப்புன்னு வந்திருக்குது, கீழ காஸ்டிக்னு வந்திருக்குது. ஏன்னா அந்த ஸ்க்ரீன் படிச்சது வெளிய இருக்கற போர்டை. பெட்டி என்னமோ பழைய பெட்டிதான். மேல போடறது காஸ்டிக்காத்தான் எறங்கும், கீழ போடறது உப்பாத்தான் எறங்கும். பேரு மட்டும் எடம் மாறி நிக்குது. புரியுதுங்களா? ரெண்டு ஆபரேட்டர் அதைக் கவனிக்கவே இல்லை. வழக்கம்போல மேல சின்ன எண்ணு, கீழ பெரிய எண்ணுன்னு கைப் பழக்கத்துல தட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு துணி கெடலை, ஒண்ணும் ஆகலை. மூணாவது ஆளு மருதாசலண்ணன். அவரு படிச்சுட்டாரு.

அவரு அப்படிப்பட்ட ஆளுங்க. பழைய ஆளு, சாயத்துலயே கெடந்தவரு, இருந்தாலும் ஸ்க்ரீனை ஒவ்வொரு தடவையும் வாய்க்குள்ளயே படிச்சுட்டுத்தான் தட்டுவாரு. இந்த ஸ்க்ரீன்ல மேல உப்புன்னு இருக்குது, சரி, எடத்தை மாத்திட்டாங்களாட்ட இருக்குதுன்னு மேல பெரிய எண்ணைப் போட்டுட்டாரு. நானும் எத்தனையோ தடவை நெனைச்சுப் பாத்துட்டேன். அவரும் மத்தவங்க மாதிரிப் படிக்காமத் தட்டியிருந்தா இத்தனை ரோதனையே இல்லை. கெரகம், அன்னைக்குன்னு படிச்சிருக்காரு.

மெஷின் சொன்னதைச் செஞ்சுது. உப்பு எறங்க வேண்டிய அளவுக்குக் காஸ்டிக் எறங்கிருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மூடியைத் தெறந்து துணியைத் துளி இழுத்துப் புழிஞ்சு கலர் பாப்பாங்க, எல்லா எடத்துலயும் பண்றதுதான். அவரும் புழிஞ்சாரு. ரெண்டு கையும் போச்சு. போச்சுன்னா, இருக்குது, தோலு போச்சு. ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சுருச்சு. கிளவுஸ் போடலீங்க அவரு. அதையும் நீங்க கணக்குல எடுத்துக்கோணும்.

எனக்கு மத்தியானம் ஃபோன் வந்துச்சு. நான் நேரா கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்துட்டேன். என்னன்னு உடனே புடிச்சுட்டேன், அதுக்கெல்லாம் அனுபவம் வேணும். வெளிய போர்டுல ரெண்டு பேரையும் எடம் மாத்திப் போட்டு, கம்பைல் பண்ணி, இங்க இருந்தபடியே நெட்ல பட்டறைக்கு ஏத்தி விட்டுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ஸ்க்ரீன் சரியாயிருச்சு. அடுத்த ஷிப்ட்டுக்காரனுக்கு ஒரு ஆபத்து வரக்கூடாதில்லீங்க? யாரும் சொல்லி நான் செய்யலை, நானாத்தான் செஞ்சேன். ஆனா அதை ஒருத்தரும் பேசறதில்லை. யாருகிட்டயும் நானும் சொல்லலை, அது வேற.

அவரு ஆஸ்பத்திரில இருந்து வந்ததுக்கப்பறம் விசாரணை வெச்சாங்க. பட்டறை மேனேஜர் இருந்தாரு, யூனியன்ல இருந்து ஒருத்தர், எங்க பக்கம் நான். மருதாசலண்ணன் ரெண்டு கைக்கும் கட்டுப் போட்டு, ஒரு கண்ணை மூடி, அவங்க சம்சாரம் ஈஸ்வரியக்கா தோளைப் புடிச்சுட்டு வந்தாரு. மேல உப்புன்னு இருந்துச்சு சார், நான் படிச்சுத்தான் போட்டேன்னாரு. சரி வாங்கன்னு மெஷின்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்க்ரீனைப் போட்டாங்க. படிங்கன்னாரு மேனேஜர்.

மருதாசலண்ணன் கிட்டப் போய், நல்லா இருக்கற கண்ணை ஸ்க்ரீனுக்கு நேரா வெச்சுட்டுப் படிச்சாரு. மேல காஸ்டிக். கீழ உப்பு. மறுபடி படிச்சாரு. மேனேஜர் எம்பக்கம் திரும்பி, ஏன் சார், இந்தப் பேரு தானா மாறுமான்னு கேட்டாரு. நான், தானா மாறாதுங்கன்னேன்.

அது உண்மைதானுங்களே? தானா எப்படி மாறும்? மெஷின்ல ஏதாவது தப்பு இருக்குமான்னு அடுத்துக் கேட்டாங்க. மெஷின் சொன்னதைத்தான் செய்யும்னேன். அதுவும் உண்மை. மத்த ரெண்டு பேரும் இதே ஸ்க்ரீன்லதான் ஒழுங்காப் போட்டிருக்காங்கன்னேன், அதுவும் உண்மை. அன்னைக்கு நான் பேசுனதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

மருதாசலண்ணன் மூணாவது தடவையும் ஸ்க்ரீனைப் படிச்சாரு. அப்பறம் எங்கிட்டத்தான் திரும்பிச் சொன்னாரு. "அப்ப எங்கண்ணுலதானுங்க கோளாறு. நான்தான் மாத்திப் படிச்சுப்போட்டனாட்ட இருக்குது." பாவமா இருந்துச்சுங்க. நெஜமாவே பாவமா இருந்துச்சு. நான் போய் அவரு முதுகைத் தடவிக் குடுத்தேன். பரவால்ல விடுங்கண்ணா, யாருக்கும் வர்றதுதான்னேன்.

அவரோட தப்புன்னு முடிவாயிருச்சு. கை ஆறினாலும் இனி மெஷின் பக்கம் விட மாட்டோம், வேற வேலை இருந்தாப் பாக்கலாம்னுட்டாங்க. நான் வீடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஆப்பிளு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். எத்தனை பேரு போயிருப்பாங்க, சொல்லுங்க? எங்க கம்பெனில வேற ஒருத்தன் போகலை. அவரு கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, உங்க மெஷினுக்கு என்னால கெட்ட பேரு சார்னு கண்ணைத் தொடைக்கறாரு. கட்டுப் போட்ட கைல எப்படித் தொடைப்பாரு, தோள்ல தேச்சுக்கறாரு. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலீங்கண்ணான்னு சொன்னேன். வெச்சுக்கவும் இல்லை.

ஈஸ்வரியக்கா வெளிய வந்து எங்கிட்ட அழுகறாங்க. இவரு முன்ன மாதிரி இல்லீங்க தம்பி, பஸ் போர்டைப் படிச்சுட்டுப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட அதே ஊரான்னு கேக்கறாரு. மாத்திரை அட்டையை நாலு தடவை எங்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்றாரு. பேத்தி பாடப் புஸ்தகத்தை எடுத்துட்டு வந்தா, தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது சாமின்னு சொல்லி அனுப்பிச்சுர்றாரு. இப்படியெல்லாம் சொன்னாங்க. நல்ல கண்ணு டாக்டரைப் பாருங்கக்கான்னு சொல்லி, எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் நம்பரும் குடுத்துட்டு வந்தேன்.

இதோட இது முடிஞ்சிருக்கோணும். முடிஞ்சுதான் போச்சு. கோகிலாதான் விடலை. எனக்கு முன்னால வந்து நின்னு, அண்ணா, நீங்க சொல்லிருங்கன்னா. என்னத்தைச் சொல்றதுன்னேன். அவரு படிச்சது சரின்னு மட்டும் சொல்லிருங்கன்னா. எடுத்துச் சொன்னேன் நான். பாரும்மா, தப்பு மெஷின்ல இல்லை, ஃபங்ஷன் சரியா இருந்துச்சு, எண்ணைச் சரியா எறக்குச்சு. பேரு ஒரு அலங்காரம். ஒரு அலங்காரம் எடம் மாறினதுக்குக் கம்பெனியையே குழி தோண்டிப் பொதைக்கச் சொல்றயா? எத்தனை குடும்பம் இருக்குது இதை நம்பி? அவ வேலையை விட்டுட்டா. சொல்லாமக் கொள்ளாமப் பட்டறைக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டா.

சொன்னா, எங்கிட்டச் சொன்னாதான். போகப் போறேன்னு மூணு தடவை சொன்னா. ஆனா நெஜமாப் போவான்னு யாரு நெனைச்சா? எத்தனை வருசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பேன். அவ கல்யாணத்துக்கு நான்தான் மண்டபம் பாத்துக் குடுத்தேன். மனசு பொக்குனு போச்சுங்க.

பட்டறை மேனேஜர் எனக்கு ஃபோன் பண்ணினாரு. அந்தப் பொண்ணு என்னமோ போர்டுங்கறா, பேருங்கறா, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலை, வேலையை விட்ட பொண்ணு பேச்சை எப்படி எடுத்துக்கறது, நீங்க நேர்ல வந்து ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருங்கன்னாரு. எங்க எம்.டி.கிட்டச் சொன்னேன். கம்பெனி பேரு கெடாமப் பாத்துக்க பூபதின்னு மட்டும் சொன்னாரு. ஆக, எல்லாரும் ஒதுங்கிக்கிட்டாங்க, கடைசில எந்தலைல வந்து விடிஞ்சிருக்குது. அந்த மருதாசலண்ணனே கோகிலா சொன்னதை நம்பலையாமா. சாரு எம்பக்கத்துலயே நின்னாரு, அப்படி இருந்தா அவரு அன்னைக்கே சொல்லியிருப்பாரேன்னு அவகிட்டயே சொல்லியிருக்காரு. பாத்துக்கங்க, பாதிக்கப்பட்ட மனுசனுக்கே எம்மேல நம்பிக்கை இருக்குது. கூட வேலை பாத்தவளுக்கு இல்லை.

ஒரு நிமிசமுங்க, ஃபோன் அடிக்குது.

ஹலோ. ஆமாங்கண்ணா, பூபதிதான். வந்துட்டே இருக்கேன், பஸ்ஸுல. சொல்லுங்க. ம். கேக்குது, சொல்லுங்க. ம். ம். அண்ணா, நீங்க எதுக்கு இதையெல்லாம் போட்டு... இல்லை, கேக்குது. அண்ணா? இங்க சிக்னல் சரியா இல்லீங்கண்ணா. நேர்ல பேசிக்கலாம். ஹலோ? கேக்கலீங்கண்ணா. வெச்சர்றேன்.

அவருதான். மருதாசலண்ணன். பட்டறை வாசல்ல உக்காந்திருக்காராமா, காலைலயே வந்துட்டாராமா. ஈஸ்வரியக்கா ஃபோனைக் காதுல புடிச்சுக்கறாங்க போல, அவங்க மூச்சு விடறதுதான் மொதல்ல கேட்டுச்சு. என்ன கேக்கறாரு தெரியுங்களா? "சார், உள்ள போய் நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கங்க, அது உங்க பொழப்பு. நான் எந்தத் தாள்ல வேணாலும் கைநாட்டு வெக்கறேன். எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு மேல் பெட்டில உப்புன்னுதானே இருந்துச்சு? நான் படிச்சது சரிதானுங்களே?"

நல்லாத்தான் கேட்டுச்சு. சிக்னலெல்லாம் இருந்துச்சு. ஆனா அதுக்கு நான் ஃபோன்ல எப்படிங்க பதில் சொல்றது? பக்கத்துல கோகிலா நின்னாலும் நிப்பா. ஆமான்னு ஒரு வார்த்தை வாய்ல இருந்து வந்துட்டா, அப்பறம் அன்னைக்கே ஏன் சொல்லலைம்பாங்க. அன்னைக்கு என்னை யாரு கேட்டா? தானா மாறுமான்னுதானே கேட்டாங்க. யாராவது மாத்துனீங்களான்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்காததுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இன்னைக்கும் அதையேதான் சொல்லப் போறேன். மெஷின் சொன்னதைத்தான் செய்யும், பேரு தானா மாறாது. ரெண்டும் உண்மை. அந்த மனுசனுக்கும் அதுதான் நல்லது. தப்பு நம்மளுதுன்னு ஏத்துக்கிட்டு ஒரு மாதிரி மனசைத் தேத்தி வெச்சிருக்காரு, இப்பப் போய் அதைக் கலைச்சு என்ன ஆகப் போகுது? கை திரும்பி வந்துருமா? கொஞ்ச நாள்ல மறந்துருவாரு. மறுபடி படிக்க ஆரம்பிச்சுருவாரு. என்னங்க, நான் சொல்றது?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸு இன்னும் நிக்கவே இல்லையே. பின்னாலயும் எடம் இல்லீங்க, பாருங்க, கம்பியைப் புடிச்சுட்டு எத்தனை பேரு நிக்கறாங்க. எதுக்கு நின்னுட்டு வரோணும், உங்க எடம் இங்க காலியாத்தானே கெடக்குது. உக்காருங்க. ஏனுங்க, உங்களைத்தான். நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க.